ஊசி போட்டு வரவைத்த வலி

முதல் பிள்ளைக்கு வலி தானாக வந்தது. இரண்டாவதுக்கு 41 வாரம் ஆகியும் அதற்கான அறிகுறியே இல்லை. அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்; குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். எங்கள் வீடு ஏற்காட்டில். ராத்திரியில் வலி எடுத்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால், முன்கூட்டியே சேலம் அஸ்தம்பட்டியில் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். அங்கிருந்தே அட்மிஷன்.

வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கிடையாது. மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு மட்டும்தான் வருவார். வலி குறைய இடுப்பில் போடும் ஊசி வேண்டுமா என்று கேட்டார்கள். முதல் பிரசவத்தில் அதைப் போட்டுக்கொண்டு தலைசுற்றி வாந்தி எடுத்திருக்கிறேன், வேண்டாம் என்றேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை.

காலையில் கர்ப்பப்பை வாயில் ஜெல் வைத்தார்கள். அரை மணி நேரம் படுத்தே இருக்கணும். அப்புறம் மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்றில் இழுத்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் பார்த்தபோது இரண்டு விரல் திறந்திருந்தது. சரி, டிரிப்ஸ் போடலாம் என்றார்கள்.

நிஜமான வலி அங்கேதான் ஆரம்பம். பாட்டிலில் வலியை வரவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தைக் கலந்து, சொட்டு எண்ணி, அரை மணிக்கொரு தரம் கூட்டிக்கொண்டே போவார்கள். தானாக வரும் வலி படிப்படியாக ஏறும். பழகிக்கொள்ள நேரம் தரும். இது அப்படியில்லை. கொஞ்ச நேரத்துக்குமுன் அக்காவிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் வேறு கட்டியிருந்தார்கள். மல்லாந்து படுத்தால் இடுப்பு பிளந்துவிடும்போல இருந்தது. "பெல்ட் நகராம பாத்துக்கறேன், உட்காரலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன். உட்காரலாம் என்றார். பெல்ட் இருந்தால் படுத்தேதான் கிடக்கணும் என்று நினைப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகில் தலையணையை வைத்துச் சாய்ந்துகொண்டேன். வலி கிளம்பும்போதே "வருது" என்பேன். அக்கா இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து முழு பலத்தோடு அழுத்துவாள். தடவுவது இல்லை, அழுத்துவது. கொஞ்சம் மேலே போனாலும் எரிச்சல்தான் வந்தது. சரியான இடத்தில் பட்டால் பாதி வலி அவள் கைக்குப் போனதுபோல் இருக்கும். மறுநாள் அவளால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை.

பல்லைக் கடித்தால் உடம்பு முழுக்க இறுகிவிடுகிறது. வாயைத் திறந்து, தாழ்ந்த குரலில் 'ஆ'வென்று இழுத்தேன். "கத்தாத கண்ணு, சத்தெல்லாம் போயிடும்" என்றார் ஆயாம்மா. கீச்சென்று கத்துவதற்குத்தான் அது பொருந்தும். அடித்தொண்டை முனகல் மூச்சை நீளமாக்கிக் கொடுத்தது.

என்னைக் காப்பாற்றியது இடைவெளிதான். வலி விட்டதும் தோளையும் தாடையையும் தளர்த்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்ததைப் பற்றி யாரையும் பேசவிடவில்லை. நடுவில் ஒருமுறை வலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ ஆரம்பித்தன. அக்கா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்: பத்து நிமிடத்தில் ஆறு. சிஸ்டரிடம் சொன்னதும் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சொட்டைக் குறைத்தார். ஐந்துக்கு மேல் போகக்கூடாதாம். வலியின்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும், இடைவெளியில்தான் அது சுதாரித்துக்கொள்ளும். வலி தாங்காத புலம்பல் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணிச் சொல்லுங்கள்.

பனிக்குடத்தை உடைத்துவிட்ட பிறகு வந்த வலிகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உடம்பு நடுங்கியது, வாந்தி வந்தது, "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்தேன். "இப்படிக் கேட்டா முடியப்போகுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே கையுறை மாட்டினார். சொன்ன மாதிரியே முழுசாகத் திறந்திருந்தது. முக்குவது அதற்குமுன் பட்டதைவிட எனக்குச் சுலபம். கையைக் கட்டிக்கொண்டு வலியை வாங்குவது போய், செய்ய ஒரு வேலை கிடைத்தது. பெண் குழந்தை.

தையல் போடும்போது மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரிப்ஸை மட்டும் உடனே கழற்றவில்லை. ரத்தப்போக்கு நிற்க அதே மருந்துதான் உதவுமாம். எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பால் கொடுத்தால், அடிவயிறு மறுபடி சுருட்டிப் பிடித்தது. பிள்ளை சப்பும்போது அதே ஆக்ஸிடோசின் உடம்பிலேயே சுரந்து கர்ப்பப்பையைச் சுருக்குகிறது; இரண்டாவது பிரசவத்தில் இது கூடுதலாகவே தெரியும் என்றார் சிஸ்டர். பாரசிட்டமால் வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டேன்.