அமுக்குவான் பேய் வந்தால் எழுந்து உட்கார முயலாதீர்கள்

விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல் போகும் தூக்க முடக்கத்தைத்தான் அமுக்குவான் பேய் என்கிறோம். அது பலருக்கு விடியற்காலையில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகும். பின்னிரவில் அதன் நேரம் கூடும். கனவில் ஓடினால் நிஜக் காலும் ஓடிவிடாதபடி, அப்போது மூளைத்தண்டு கை கால் தசைகளை முடக்கி வைத்திருக்கும். அந்த முடக்கம் விலகுமுன் விழிப்பு வந்துவிட்டால் சிக்கல். கண் திறந்திருக்கும், ஃபேன் சுற்றுவது தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவரைக் கூப்பிட மட்டும் வாய் வராது.

நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பது வெறும் பிரமை அல்ல. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் அந்நேரம் தளர்ந்து கிடக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசைதான் மூச்சை நடத்துகிறது. உயிருக்குப் போதுமான காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். நாமோ பயத்தில் வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்ப்போம். நெஞ்சு விரியாது, 'செத்தோம்' என்று தோன்றும். கனவும் பாதி ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பயத்துக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்: கதவோரம் கறுப்பாக ஒரு ஆள், காதருகே யாரோ பேசும் சத்தம்.

அதனால் எழுந்து உட்கார முயலாதீர்கள். பெரிய தசைகள் கேட்காது, கேட்காதபோது பீதிதான் ஏறும். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். கண் தசைகள் முடங்குவதில்லை. கண்ணை இடம் வலமாக உருட்டுங்கள். கூடவே கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ விட்டுவிடும். இந்தத் தொல்லை உண்டு என்று வீட்டில் சொல்லி வையுங்கள். முனகல் கேட்டு யாராவது தோளைத் தொட்டு உலுக்கினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். அசதியில் அப்படியே கண்ணை மூடினால் மறுபடியும் அமுக்கலாம். விளக்கைப் போட்டு, முகம் கழுவி, பத்து நிமிடமாவது உட்கார்ந்திருந்துவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது; முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் புரள முடியாது. தலையணைக்கு அடியில் இரும்பு வைத்தால் தைரியம் வருமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மல்லாந்து படுப்பதை அது தடுக்காது.

தூக்கம் கெடுவதுதான் முக்கியமான தூண்டுகோல். மாறி மாறி வரும் நைட் ஷிஃப்ட், பரீட்சைக் காலம், ராத்திரி விழித்துவிட்டுப் பகலில் போடும் நீண்ட தூக்கம், அலாரத்தை அணைத்து அணைத்துப் படுப்பது எல்லாம் இதில் சேரும். மது முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அடக்கி, பின்னிரவில் மொத்தமாகக் கிளப்பிவிடும்.

எப்போதோ ஒருமுறை வந்தால் மருத்துவம் தேவையில்லை. அடிக்கடி வந்தாலோ, பலத்த குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் கனவுத் தூக்கம் பெருகி இது கூடலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.