திருகோணமலைக் களப்புகளில் ஒரு தலைக்கணக்கு

திருகோணமலைக்கு வருடத்தில் இரண்டு சீசன். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வருவார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அறை கிடைக்காது. அவர்கள் மூட்டை கட்டும் நேரத்தில் வடக்கேயிருந்து பறவைகள் வரத் தொடங்கும். ஹோட்டல்காரர் மாரியை நினைத்துப் பெருமூச்சு விடும் டிசம்பரில்தான் எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. நீலச்சிறகி வாத்துகள், கொசு உள்ளான்கள், பச்சைக்காலிகள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

பல வருடங்களாகப் பறவை பார்க்கிறேன். ஆனால் எண்ணியதில்லை. புதிதாக ஒன்றைக் கண்டால் கொப்பியின் பின்பக்கத்தில் பெயரை எழுதிவிட்டு அடுத்ததைத் தேடிப் போவதுதான் வழக்கம். ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வரட்டுமா என்று உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பழைய ஆள். உடனே சரி சொல்லவில்லை. "டிசம்பர் முழுக்க ஒரே இடத்துக்குப் போங்க டீச்சர். காகம், கொக்கு ஒண்டையும் விடாம எண்ணி இ-பேர்டில போடுங்க. பிறகு பாப்பம்" என்றார்.

இ-பேர்ட் என்பது பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் செயலி. அதில் எண்ணிக்கை தெரியாவிட்டால் எக்ஸ் போட்டுவிடலாம். அதற்கும் தடை. "எக்ஸ் போடுறதெண்டா வீட்டில இருந்தே போடலாமே!"

இந்த ஜனவரிக் கணக்கெடுப்பு 1967 முதல் நடக்கும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியக் கிளை. நம் துணைக்கண்டத்தில் 1987 இல் தொடங்கியது. இலங்கையில் 1943 இல் உருவான சிலோன் பேர்ட் கிளப் இதை முன்னின்று நடத்துகிறது. அமெரிக்காவின் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கு இன்னும் பழையது. கிறிஸ்மஸுக்குத் துப்பாக்கியோடு போய்ச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்குப் பதிலாக, சுடாமல் எண்ணுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் 1900 இல் தொடங்கி வைத்தார். முதல் வருடம் சேர்ந்தவர்கள் 27 பேர்தான். அங்கே டிசம்பர் என்றால் குளிர். இங்கே அதே டிசம்பரில் முழங்கால் வெள்ளம்.

கரையோரப் பறவை பார்ப்பதற்குக் கடலின் ஏற்ற வற்றம் பார்த்துப் போ என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. திருகோணமலைக்கு அது பெரிதாகப் பொருந்தாது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. களப்பில் சேறு தெரியுமா என்பதை மழையும் முகத்துவாரமும்தான் தீர்மானிக்கின்றன. மழை கொட்டி, நிலாவெளிப் பக்கத்துப் பெரியகரைச்சிக் களப்பு தளும்பி நின்றால் உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமில்லை. உப்பளத்துக்கும் வயலுக்கும் பிரிந்து போய்விடும். முகத்துவார மணல் உடைத்து நீர் கடலுக்கு ஓடினால் சேறு வெளிப்படும், கூட்டமும் திரும்பி வரும். ஆகவே நில அளவையாளர் ஐயா நாள் குறிக்கும் முன் கலண்டரைப் பார்ப்பதில்லை, இறக்கக்கண்டி மீனவர் ஒருவருக்குப் போன் பண்ணி, "தண்ணி இறங்கீட்டுதோ?" என்று கேட்பார். எண்ணும் காலம் ஜனவரி நடுப்பகுதி, சரியாகத் தைப்பொங்கலை ஒட்டி வரும். பொங்கலன்று வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன்.

நடைமுறை வேலைகள் அதிகமில்லை, ஆனால் விடக்கூடாது. உப்பளத்துக்கு முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தின் பிரதியைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைக்க வேண்டும். சீனன்குடாப் பக்கம் விமானத்தளம் இருப்பதால், பைனாகுலரைத் தூக்கும் முன்பே யார், எதற்கு என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு பெண் தனியாகக் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாலே நாலு பேர் வந்து கேட்கிற ஊர் இது. அது தொல்லையும்தான், பாதுகாப்பும்தான்.

கணக்கெடுப்பு நாளில் நாங்கள் மூன்று பேர்: ஐயா, நான், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி. விடிய முன்னமே நிலாவெளி உப்பளத்தில் நின்றோம். மாரியில் பாத்திகளில் உப்பு விளையாது, மழைத்தண்ணீர்தான் நிற்கும். வரம்பு முழுக்க உப்புக்கொத்திகளும் உள்ளான்களும். ஸ்கோப்பில் ஒரு வளைமூக்கு உள்ளானை அருகே இழுத்துப் பார்த்தேன். கீழ்நோக்கி வளைந்த கறுப்பு அலகைச் சேற்றுக்குள் அடிவரை விட்டு, இரண்டு அடி நகர்ந்து, மறுபடி விடுகிறது. வயிறு நனைந்திருந்தது. சைபீரியத் துருவக் கரையில் முட்டையிடும் பறவை அது.

"ரசிச்சது போதும், எண்ணுங்க" என்றார் ஐயா.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் ஒரு ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிக்க வேண்டும். பிறகு அதே அளவைப் பத்துப் பத்தாக வரம்பின் மேல் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நானும் தம்பியும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 340, தம்பிக்கு 410. மறுபடி தொடங்கினோம். பாதியில் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி எதிர் வரம்பில் இறங்கியது. எங்கிருந்து எங்கே போனது என்று குறிக்காவிட்டால் அதே பறவைகளை அடுத்த பாத்தியிலும் எண்ணிவிடுவோம். ஐயா நேரத்தோடு எழுதி அம்புக்குறியும் போட்டுவைத்தார்.

குளிர்கால இறகில் சின்ன உப்புக்கொத்திகளைப் பிரிப்பது பெரும்பாடு. போதாதற்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் ஒன்றை 2023 இல் ஆய்வாளர்கள் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். தம்பி ஊகித்துப் பெயர் போடப் பார்த்தான், ஐயா விடவில்லை. படிவத்தில் 'இனங்காணப்படாதவை' என்று ஒரு வரிசை உண்டு. தெரியாததை அங்கே போடுவதுதான் நேர்மை. எனக்கு அந்தப் படிவத்திலேயே பிடித்த வரிசை அது.

வெயில் ஏறப் பெரியகரைச்சிக்குப் போனோம். வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன தங்கச்சி, கொக்கு எண்ணுறீங்களா? சம்பளம் தாறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பிளேன்டீ ஊற்றித் தந்தார். நாங்கள் இன்னும் பார்க்காத கூழைக்கடாக் கூட்டம் எந்த மூலையில் நிற்கிறது என்றும் அவர்தான் காட்டினார்.

வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பூநாரை வந்ததா? வரவில்லை. அரிதாக எதுவும் இல்லை. நீர்க்காகம், சின்னக்கொக்கு, நெடுங்கால் உள்ளான், ஆலா என்று வழக்கமானவைதான் படிவத்தை நிரப்பின. இந்த வேலைக்கு அவைதான் முக்கியம். அடுத்த ஜனவரியில் அதே வரம்பில் அதே பறவை பாதியானால் அதைச் சொல்ல இந்த எண் வேண்டும்.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்க் குளம் என்று மாவட்டத்தில் எண்ண இடம் நிறைய, ஆள்தான் இல்லை. ஜனவரி பயமாக இருந்தால் பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கில் தொடங்குங்கள். வீட்டு முற்றத்தில் 15 நிமிடம் நின்றால் போதும். உப்பளத்துக்கு வருவதென்றால் மட்டும் றப்பர் செருப்போடு வராதீர்கள், வரம்பு வழுக்கும்.