புள்ளி தெரியும்படி ஒரு திரைப்பதிவு

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுக்கும் பன்னிரண்டு சிறு காணொளிகளைச் செய்வது என்று சென்ற தை மாதம் தொடங்கினேன். இதுவரை ஏழு முடிந்திருக்கின்றன. மதுரையில் இருக்கும் என் அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம் பணியாற்றிய ஊர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருடைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவி, தமிழ்99 இயங்கும்படி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு விசையாகத் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பது இருவருக்குமே சிரமமாக இருந்தது. காணொளியாகச் செய்து அனுப்பினால் அவர் கைப்பேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பழகலாம் என்று தோன்றியது. எந்த மென்பொருளைக் கொண்டு திரையைப் பதிவது என்று முடிவு செய்யவே ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரங்களில் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும் என்பதுதான் அதன் அழகு. 'அக்கா' என்று எழுத ஆங்கில ஏ, எச், எச், கியூ என்று நான்கு விசைகள் போதும். 'ங்க', 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் புள்ளியைத் தனியாகத் தட்ட வேண்டியதில்லை. ஆகவே எந்த விசை அழுத்தப்பட்டது, அதனால் திரையில் என்ன எழுத்து வந்தது என்ற இரண்டும் பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். தொடங்கும்போது நான் மென்பொருளிடம் எதிர்பார்த்தது இவ்வளவுதான்.

என்னுடைய மடிக்கணினி எட்டு ஆண்டுகள் பழையது. 4 ஜிபி நினைவகம், 1366×768 அளவுள்ள திரை, லினக்ஸ் மின்ட் இயங்குதளம், மின்னிணைப்பு இல்லாமல் ஐந்து நிமிடம்கூடத் தாங்காத பேட்டரி. இதில் பதிவதா, மைத்துனரிடம் இருக்கும் விண்டோஸ் கணினியைக் கேட்டு வாங்கிப் பதிவதா என்று முதல் வாரம் யோசித்தேன். விண்டோஸிலேயே இருக்கும் கேம் பார் எளிமையானது. ஆனால் அது ஏதாவது ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதியும், டெஸ்க்டாப்பையோ கோப்பு உலாவியையோ பதியாது. காம்டேசியாவில் பதிவும் தொகுப்பும் ஒரே இடத்தில் நடக்கும், வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் சுலபம். ஆனால் அது கட்டண மென்பொருள், லினக்ஸில் ஓடாது. இன்னொரு கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பு பதிவின் நடுவே நீர்க்குறியைப் பதித்தது. எழுத்தைக் காட்டுவதற்காகவே செய்யும் காணொளியில் எழுத்தின் மேல் வேறொரு எழுத்து கிடப்பதை ஏற்க முடியாது. அதோடு அத்தை பார்க்கப் போவது மின்ட் திரை, பாடத்திலும் அதே திரை இருப்பதுதான் முறை என்று சொந்தக் கணினிக்கே திரும்பினேன்.

லினக்ஸில் முதலில் எடுத்தது சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர். பெயருக்கு ஏற்ற மென்பொருள். திரையில் எந்தச் செவ்வகத்தைப் பதிய வேண்டும், வினாடிக்கு எத்தனை பிரேம், ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டு போகும். கடைசிப் பக்கத்தில் பதிவைத் தொடங்கலாம். என் பழைய கணினியில் வினாடிக்கு 30 பிரேம் வீதம் தடையின்றிப் பதிந்தது. அரை மணி நேரத்தில் முதல் பாடத்தை முடித்து, யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றி, இணைப்பை அத்தைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அத்தை அழைத்தார். "ஏம்ப்பா, நீ அக்கான்னு அடிக்கிறே, எனக்கு அககான்னுல்ல தெரியுது? எச்ச ரெண்டு தடவை அடிச்சது தப்போ?" என்றார். நான் கற்றுக்கொடுக்க நினைத்த விதியே அவருக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்திருந்தது. என் கைப்பேசியிலும் அதே காணொளியைத் திறந்து பார்த்தேன். புள்ளி இருந்த இடத்தில் லேசான சிவப்புக் கறை இருந்ததே தவிர, புள்ளி இல்லை.

இதற்குக் காரணம் இரண்டு என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இந்த வாரம்தான் ஐந்து வாரங்களிலும் பயனுள்ளது என்பேன்.

முதல் காரணம் நிறம். வகுப்பறைப் பலகைபோல் இருக்கட்டும் என்று கருநீலப் பின்னணி வைத்து, புள்ளி பளிச்சென்று தெரிவதற்காகப் புள்ளி விழும் எழுத்துகளைச் சிவப்பில் காட்டியிருந்தேன். இணையத்தில் ஓடும் காணொளிகள் பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில் சுருக்கப்படுகின்றன. இந்த முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் வெளிச்ச அளவு தனித்தனியாகச் சேமிக்கப்படும். நிறத்தின் அளவோ நான்கு பிக்சல்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கப்படும். சிவப்பும் கருநீலமும் நிறத்தில் எவ்வளவுதான் வேறுபட்டாலும், வெளிச்ச அளவில் இரண்டும் மங்கல்தான். அதனால் புள்ளியின் வடிவம் முழுவதும் நிறத்தை நம்பியே நின்றது, நிறம் கலங்கியதும் புள்ளியும் கலங்கிப்போயிற்று. 12 பாயின்ட் அளவுள்ள எழுத்தில் நூறு சதவீதப் பார்வையில் மெய்யின் புள்ளி இரண்டு மூன்று பிக்சல் அகலம்தான் வரும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஜே இரண்டையும் தவிர மற்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழில் ஒவ்வொரு வரியிலும் பத்துப் புள்ளியாவது இருக்கிறது, ஒன்று மறைந்தாலும் சொல் மாறிவிடுகிறது. பின்னணியை வெள்ளையாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கி, ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளில் பார்வை அளவை 200 சதவீதமாக உயர்த்தினேன்.

இரண்டாவது காரணம் அளவு. 1366×768 திரையை முழுதாகப் பதிந்து, 1280×720-க்குச் சுருக்கி வெளியிட்டிருந்தேன். சுருக்கும்போது ஒரு பிக்சல் இன்னொரு பிக்சலோடு சரியாகப் பொருந்தாமல், எழுத்தின் விளிம்புகள் எல்லாம் மங்கிவிடுகின்றன. இப்போது திரையைச் சுருக்குவதில்லை. அதன் இடது மேல் மூலையிலிருந்து 1280×720 அளவுள்ள செவ்வகத்தை மட்டும் அப்படியே பதிகிறேன். வலப்பக்கம் 86 பிக்சலும் கீழே 48 பிக்சலும் வெளியே நின்றுவிடுகின்றன. அந்த 48 பிக்சலுக்குள் பணிப்பட்டை முழுவதும் அடங்கிவிடுவதால் கடிகாரமும் மற்றச் சின்னங்களும் பாடத்தில் வருவதில்லை. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும் பாடத்தில் மட்டும் பணிப்பட்டை தேவைப்பட்டதால், செவ்வகத்தைக் கீழே நகர்த்திப் பதிந்தேன்.

அதே முதல் பாடத்தை இப்படி மறுபடி பதிந்து அனுப்பியபோது அத்தை வேறு ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பதிவை முழுவதுமாக இழந்தேன். இன எழுத்துகளைப் பற்றிய பாடம். 22 நிமிடம் தடங்கலின்றிப் பேசி முடிக்கும் தறுவாயில் மின்சாரம் போயிற்று. மீண்டும் வந்தபோது வன்தட்டில் கோப்பு இருந்தது, ஆனால் எந்த இயக்கியிலும் ஓடவில்லை. தொகுப்பதற்கு வசதி என்று கோப்பு வகையை எம்பி4 ஆக மாற்றி வைத்திருந்தேன். வழக்கமான எம்பி4 கோப்பில், எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. பதிவு பாதியில் அறுந்தால் அட்டவணை இல்லாத வெறும் தரவுக் குவியல்தான் மிஞ்சும். எம்கேவி வகையில் அப்படி இல்லை. அறுந்த இடம் வரைக்கும் பதிந்தது பிழைத்துக்கொள்ளும். மின்தடையோடு வாழ வேண்டிய ஊரில் இருப்பவர்கள் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் எம்கேவியிலேயே பதியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பிறகு எம்பி4 ஆக மாற்றுவதில் தரம் குறைவதும் இல்லை. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இன்னொரு திரைப்பதிவு மென்பொருளின் 'கோப்பு' மெனுவிலேயே 'ரீமக்ஸ்' என்ற வசதி இருக்கிறது; அது படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதால் அரை மணி நேரப் பதிவும் சில வினாடிகளில் மாறிவிடும்.

ஓபிஎஸ் பக்கம் நான் போனது அந்த வசதிக்காக இல்லை, ஒலிக்காக. என் கணினியின் விசிறி ஓயாமல் இரைகிறது. ஒலியைப் பிறகு தனியாகச் சுத்தம் செய்வதைவிடப் பதியும்போதே சுத்தமாக வந்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மணி நேரம் மிச்சமாகும். 2012-இல் வெளிவந்து, இன்றும் இலவசமாகவும் கட்டற்றதாகவும் இருக்கும் ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு ஃபில்டர்கள் வைக்கலாம். இரைச்சல் நீக்கத்தில் ஆர்என்நாய்ஸ் முறையைத் தேர்ந்ததும் விசிறிச் சத்தம் அடங்கியது. அதற்கு மேல் நாய்ஸ் கேட் என்ற ஃபில்டரையும் சேர்த்தேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கினால் அது மைக்கை அடைத்துவிடும். கேட்டுப் பார்த்தபோது வாக்கியங்களின் கடைசியில் ஏதோ குறைந்தது. 'தட்டு' என்றது 'தட்ட்' என்று நின்றது, 'எழுத்து' என்றது 'எழுத்த்' என்று நின்றது. சொல்லின் இறுதியில் மெல்லக் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரத்தை அந்த ஃபில்டர் இரைச்சல் என்று எண்ணி வெட்டியிருக்கிறது. தமிழில் பேசிப் பதிபவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். நாய்ஸ் கேட் ஃபில்டரை நீக்கிவிட்டு இரைச்சல் நீக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒலிமானி மஞ்சள் பகுதியில், அதாவது −20-க்கும் −9 டெசிபெலுக்கும் இடையில் ஆடும்படி மைக்கைச் சரிசெய்து பேசுகிறேன்.

ஓபிஎஸ்ஸில் பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சாளரத்தை மட்டும் பதியும் முறையைத் தேர்ந்தால், ரைட்டரில் விரியும் எழுத்துருப் பட்டியல் பதிவில் வரவே வராது. கணினிக்கு அந்தப் பட்டியல் தனியான இன்னொரு சாளரம். நான் பட்டியலில் எதையோ தேடுவதுபோல் சுட்டி மட்டும் வெற்றிடத்தில் அலைந்தது. ஆகவே திரை முழுவதையும் மூலமாக வைத்து, மேலே சொன்ன செவ்வகத்துக்கு ஏற்ப, பதிவாகும் பரப்பான கேன்வாஸை 1280×720 ஆக்கிக்கொள்வதே சரி. பதிவை இடையில் நிறுத்தித் தொடரும் பொத்தானும் முதலில் கண்ணில் படவில்லை. பதிவின் தரம் 'ஸ்ட்ரீமிங்கைப் போலவே' என்று இருக்கும் வரை அது தோன்றாது, வேறு தரத்தைத் தேர்ந்ததும் தோன்றும்.

அழுத்தும் விசையைக் காட்டுவதற்கு ஸ்கிரீன்கீ என்ற தனி நிரலைச் சேர்த்துக்கொண்டேன். அத்தையின் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால், மூல விசையையே காட்டும் முறையில் அதை வைத்திருக்கிறேன். அது இயல்பாகத் திரையின் அடியில் தோன்றும். ஆனால் கைப்பேசியில் காணொளியை நிறுத்தும்போது ஓட்டப்பட்டை அதே இடத்தில் வந்து மறைத்துவிடுகிறது. விசையைப் பார்ப்பதற்காகத்தானே அவர் நிறுத்துகிறார்! அதனால் மேலே ஏற்றிவிட்டேன்.

இப்போதைய அமைப்பு இதுதான்: ஓபிஎஸ், எம்கேவி, வினாடிக்கு 30 பிரேம், காணொளியைச் சுருக்க எக்ஸ்264, அதன் வேகம் 'வெரிஃபாஸ்ட்', தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் என்ற எண் 18. இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஆனால் தட்டச்சுப் பாடத்தில் திரையின் பெரும்பகுதி அசையாமல் இருப்பதால் கோப்பு அப்படியொன்றும் பெருக்கவில்லை. 60 பிரேம் வைத்துப் பார்த்தேன். என் கணினி மூச்சு வாங்கியது, தட்டச்சில் அதனால் கண்ணுக்குத் தெரிந்த நன்மை எதுவும் இல்லை. சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டரையும் நீக்கவில்லை; குரல் தேவைப்படாத ஒரு நிமிடத் துண்டுகளுக்கு இன்றும் அதையே திறக்கிறேன். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டுக்கு மாறிய லினக்ஸ் வழங்கல்களில் அதை நம்ப முடியாது. ஓபிஎஸ் 2021-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அங்கேயும் திரையைப் பதிகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது பாடம் கிரந்த எழுத்துகளைப் பற்றியது. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்ட் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியவை. ஷிப்டை அழுத்திக்கொண்டே இன்னொரு விசையைத் தட்டுவது ஸ்கிரீன்கீயில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று நேற்று இரவு ஒரு நிமிடச் சோதனைப் பதிவு எடுத்து அத்தைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் பார்த்துச் சொன்னதும் பாடத்தைப் பதிய வேண்டும்.