ஏரிக்கு முதுகைக் காட்டும் வேலை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவைச் சுற்றி எந்தப் பக்கம் காரை விட்டாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு குட்டி ஏரி வந்துவிடும். இயற்கையாக உண்டான ஏரி என்று அங்கே அநேகமாக ஒன்றும் கிடையாது. யாரோ ஒரு பண்ணைக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஓடைக்குக் குறுக்கே செம்மண்ணைக் கொட்டிக் கரை போட்டிருப்பார். பிறகு பண்ணை மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, மாட்டுக்குளம் 'லேக்' ஆகிவிடும். தண்ணீரைப் பார்த்த வீட்டுக்கு விலை கூடுதல். ஏரியும் கரையும் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் சொத்து. மீன் பிடிக்கலாம், கயாக் விடலாம், சாயங்காலம் கரைமேல் நாயோடு நடக்கலாம். இந்த மாதிரிக் கரைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு.

அணை எஞ்சினியர் என்று ஊரில் சொன்னால் மேட்டூர் அளவுக்கு எதையோ கற்பனை செய்கிறார்கள். நான் பார்ப்பவை இருபது, முப்பது அடி உயர மண்கரைகள். ஆனால் இந்த நாட்டில் பதிவேட்டில் இருக்கும் 90,000-க்கும் மேற்பட்ட அணைகளில் பாதிக்கு மேல் தனியாருடையவை. எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பொழுதுபோக்குக்குத்தான் முதலிடம்.

சோதிக்கப் போகிற இடத்தில் சங்கத் தலைவர் முதலில் ஏரியைத்தான் காட்டுவார். தண்ணீர் எவ்வளவு தெளிவு, வாத்து எவ்வளவு வருகிறது என்பார். அதையெல்லாம் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, நான் திரும்பி நின்று மறுபக்கச் சரிவைப் பார்க்க ஆரம்பிப்பேன். மண்கரையின் நோவெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் அங்கே யாரும் நடப்பதில்லை. புல் வெட்டுகிறவர்கூடப் பாதிச் சரிவோடு திரும்பிவிடுவார்.

சரிவின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கோடையிலும் புல் பச்சென்று நின்றால் அங்கே கசிவு இருக்கிறது. கசிவு இருப்பதே குற்றமில்லை. கசியாத மண்கரை கிடையாது. வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்பதுதான் கேள்வி. ஒருமுறை நாணற்புல்லை விலக்கியபோது சிறு ஊற்று ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் ஊற்றுக்கண்ணைச் சுற்றி எறும்புப் புற்றின் வாய்போல நுண்மணல் வட்டமாகக் குவிந்திருந்தது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கரையின் உள்ளிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்படியே உள்ளே துளை நீண்டுகொண்டு போய் ஒருநாள் ஏரியைத் தொட்டுவிட்டால், அப்புறம் சில மணி நேரத்திலேயே கரை போய்விடும். அன்றைக்கே ஏரியின் மட்டத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். படகுப் போட்டி இருக்கிறதாம். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்தது குழாய். ஏரிக்குள் நிற்கும் தொட்டியில் வழிந்து விழுகிற தண்ணீர், கரையின் அடியில் போகும் குழாய் வழியாக ஓடைக்குப் போய்ச் சேரும். பழைய ஏரிகளில் இது துத்தநாகம் பூசிய நெளிநெளியான இரும்புத் தகட்டுக் குழாய். அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் உதிர ஆரம்பிக்கும். மேலே நடைபாதையில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அதை மூட வந்தவர் ஒரு தள்ளுவண்டி மண்ணைக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போவார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடியும் பள்ளம். 'இந்த இடம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது' என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் உடனே கேமராவைக் குழாய்க்குள் அனுப்புவேன்.

மரம் இன்னொரு தலைவலி. எங்கள் சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கரையில் பனை நிற்கும். அது சல்லிவேர், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கரையில் நிற்பவை பைனும் ஓக்கும். புயலில் ஒன்று சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். வெட்டிவிட்டாலும் ஆபத்துதான்: வேர் மக்கிய தடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். ஆகவே வெட்டி, வேரைத் தோண்டி, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கவேண்டும். குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. மரத்தை வெட்டச் சொல்ல வந்த ஆள் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது கலிங்கைப் பார்க்கும்போது. பெருமழையில் குழாய் மட்டும் போதாது; மிச்சத் தண்ணீர் போவதற்கென்று கரையின் ஒரு முனையில் தாழ்வாக ஒரு வாய்க்கால் வெட்டிப் புல் வளர்த்திருப்பார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறைகூட அதில் தண்ணீர் ஓடாமல் இருக்கலாம். அதனால் அது சும்மா கிடக்கிற இடம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஊஞ்சல், படகு அடுக்கும் தட்டி, குறுக்கே மரவேலி என்று ஒவ்வொன்றாக வந்துவிடும். ஓரிடத்தில் கம்பிவலையே கட்டியிருந்தார்கள். பாசியைத் தின்ன காசு கொடுத்து வாங்கிவிட்ட புல்கெண்டை மீன்கள் வெள்ளத்தில் தப்பிப் போய்விடுமாம். பெருமழையில் அந்த வலையில் முதலில் சருகு சேரும், பிறகு கிளை சேரும், அப்புறம் கலிங்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். கான்கிரீட் அணைமேல் தண்ணீர் வழிந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். மண்கரைமேல் வழிந்தால் பின்சரிவை அரித்துக்கொண்டு மேலேறி வந்துவிடும்.

வலையைப் பிரிக்க அந்தச் சங்கம் தயங்கியபோது பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிச் சொன்னேன். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற பணக்காரர்கள் உறுப்பினர்களாக இருந்த மீன்பிடி கிளப்பின் அணை அது. மீன் போகாமல் இருக்கக் கலிங்கில் வலை வைத்திருந்தார்கள். வண்டி போகவர வசதியாகக் கரையின் தலையைக் கொஞ்சம் சீவியிருந்தார்கள். அடிமதகுக் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே கழற்றி விற்றாகிவிட்டது. 1889 மே 31 அன்று பெய்த மழையில் கரை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். வலையை மறுவாரமே பிரித்துவிட்டார்கள்.

ஜார்ஜியாவுக்கென்றே ஒரு கதை உண்டு. டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை. முதலில் மின்சாரத்துக்குக் கட்டியது. 1957-க்குப் பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் வைத்திருந்தார்கள். 1977 நவம்பர் 6, பின்னிரவு ஒன்றரை மணி. நாள்கணக்காகப் பெய்த மழைக்குப் பிறகு கரை உடைந்தது. அருவிக்குக் கீழே ஒரு பைபிள் கல்லூரியின் வளாகம். 39 பேர் இறந்தார்கள், அதில் 20 பேர் குழந்தைகள். விசாரித்தபோது கரையின் வரைபடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று ஒற்றைக் காரணத்தை விசாரணைக் குழுவாலும் சொல்ல முடியவில்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் இந்த மாநிலத்துக்காரர். அவர் உத்தரவில் 1978 முதல் 1981 வரை ஏறத்தாழ 8,800 அணைகளைச் சோதித்ததில் மூன்றில் ஒன்று பாதுகாப்பில்லை என்று தெரிந்தது. மாநிலமும் 1978-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. என் சம்பளம் அந்தச் சட்டத்திலிருந்து வருகிறது.

அந்தச் சட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் ஆகும் என்றால் அணை முதல் வகை. இல்லையென்றால் இரண்டாம் வகை. கரை நல்ல நிலையில் இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நேற்று வரை மேய்ச்சல் நிலமாகக் கிடந்த பள்ளத்தில் இன்றைக்கு ஒரு வீட்டுமனைத் திட்டம் வந்தால் போதும், மேலே ஒரு கூடை மண்கூட அசையாமலே அணை முதல் வகைக்கு ஏறிவிடும். முன்னைவிடப் பல மடங்கு பெரிய மழைக்குத் தாங்குகிற மாதிரி கலிங்கை விரிக்கவேண்டும். செலவு முழுக்க மேலே இருக்கும் சங்கத்துக்கு.

"கீழே வீடு கட்டச் சொல்லி நாங்களா அனுமதி கொடுத்தோம்?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. அனுமதி கொடுத்த கவுன்ட்டி நிர்வாகமும் விற்றுவிட்டுப் போன பில்டரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பவர் பொறுப்பு என்பதுதான் சட்டம், யோசித்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது. பணம் கட்ட முடியாதவர்கள் கரையை முறைப்படி வெட்டிவிட்டு ஓடையைப் பழையபடி ஓடவிடலாம். அப்படிச் சொன்னதும் கூட்டம் இன்னும் சூடாகிவிடும். ஏரிக்கரை வீடு என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆயிற்றே.

கீழே வாங்குகிறவர்களுக்கோ மேலே ஏரி இருப்பதே தெரியாது. அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் ஊர்ப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்த திருநெல்வேலித் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். "அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி ஓடை ஓடுது, அவ்வளவு அழகா இருக்கு."

"ஓடைக்கு மேல என்ன இருக்கு தம்பி?"

"மேலயா? மரந்தான் இருக்கு."

செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மரத்துக்குப் பின்னால் ஏரி. அரசாங்கத்தின் வெள்ள வரைபடத்தில் அவர் வீடு பத்திரமான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த வரைபடம் மழை வெள்ளத்துக்கானது. அணை உடைந்தால் எதுவரை தண்ணீர் வரும் என்பதை அது காட்டாது. தேசிய அணைப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் அந்த அணையைத் தேடி எடுக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்திலிருந்து அவர் மனைவி போனை வாங்கி, "அது உடைஞ்சா எங்களுக்கு யாருண்ணே சொல்லுவாங்க?" என்று கேட்டார். என் வேலையில் சங்கத் தலைவர்கள் ஒருவர்கூட இதுவரை கேட்டிராத கேள்வி.

அதற்கென்று அவசரகாலத் திட்டம் என்று ஒரு கோப்பு இருக்கவேண்டும். யார் முதலில் பார்ப்பது, யாருக்குப் போன் செய்வது, எந்தெந்த வீட்டுக்காரர்களை எழுப்புவது என்று வரிசையாக எண்களோடு. பல சங்கங்களில் அது அலமாரிக்குள் பத்திரமாகத் தூங்கும். அந்த உரையாடலுக்குப் பிறகு சோதனைக்குப் போகும் இடத்திலெல்லாம் பட்டியலில் உள்ள எண்களை நானே அழைத்துப் பார்க்கிறேன். போன மாதம் போன ஏரியில் முதல் எண்ணை எடுத்தவர் உற்சாகமாகப் பேசினார். வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய் ரொம்ப நாளாகிவிட்டதாம். ஏரி எப்படி இருக்கிறது, வாத்தெல்லாம் வருகிறதா என்று விசாரித்தார். புதுத் தலைவரின் எண் அவரிடம்தான் இருந்தது. வாங்கிப் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.