பதின்மூன்றாம் மாதம்

1986 ஆகஸ்டில், இலங்கைப் போருக்குத் தப்பிவந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள். 2016இல் தப்பியவர்கள் சிலர் அங்கே திரும்பிப்போய் அந்த மீனவர்களைச் சந்தித்தார்கள். இன்று கனடாவில் தமிழர் ஐந்து பேர் சேர்ந்து, வேறொரு போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பத்தை அகதிகளாக இங்கே வரவழைத்து, செலவுக்கும் பொறுப்பேற்று ஸ்பொன்சராக நிற்கும்போது, மீனவர்களின் இடத்தில் நிற்பது நாங்கள்.

மொழியும் மதமும் வேறாக இருந்தாலும் ஷெல் சத்தம் இரு பக்கத்துக்கும் தெரியும். முதல் பிழையும் அங்கேதான் வருகிறது. "எங்களுக்கும் இப்படித்தான்" என்று நம் கதையை எடுத்தால், பதிலுக்குத் தங்கள் கதையையும் சொல்லியாக வேண்டும் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள். அவர்களாக வாய் திறக்கும்வரை போரைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

நட்பைக் கெடுப்பது பெரும்பாலும் காசு. ஸ்பொன்சர் பொறுப்பு வழக்கமாக 12 மாதம். வந்த கிழமையே அவர்கள் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, மாதப் பணத்தை ஒரே தேதியில் அதில் போட்டுவிடுங்கள். கையில் எண்ணிக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் அவர்கள் கையேந்தி நிற்கவேண்டி வரும். ரசீது கேட்காதீர்கள். செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்க விதியிலும் இடமில்லை. விமானச் செலவுக்கு அரசு கொடுத்த கடன் வேறு கணக்கு; அதை அந்தக் குடும்பமே அடைக்கவேண்டும். 2018இலிருந்து அதற்கு வட்டி இல்லை. ஆனால் தவணை தொடங்குவது வந்து ஒரு வருடத்தில், அதாவது நம் உதவி நிற்கிற அதே நேரத்தில். ஒன்பதாம் மாதமே வாடகை, தவணை, வருமானம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒன்றாக உட்கார்ந்து பார்க்காவிட்டால் பதின்மூன்றாம் மாதம் திணறிப்போவார்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்குமுன் அவர்களிடம் கேளுங்கள். அதே நாட்டுக்காரர் என்றால் போரில் எதிர்ப்பக்கத்தில் நின்றவராகவும் இருக்கலாம். அவர் முன்னால் யாரும் உண்மை பேசமாட்டார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும் என்பதற்காகத் தாயின் வைத்தியரிடம் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேசவைப்பது கொடுமை. விமானநிலையப் படங்களை முகநூலில் போடவேண்டாம்: ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு அது ஆபத்தாகலாம்.

சாவுச் செய்தி பெரும்பாலும் இரவில் தொலைபேசியில் வரும். ஐந்து பேரும் ஒன்றாகப் போய் நிற்காமல், அவர்களுக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் போகட்டும். பேச்சு வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். மற்றவர்கள் ஆங்கில வகுப்புக்கும் வேலையிடத்துக்கும் அறிவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகலாம். உடல் கிடைக்காத சாவு என்றால் துக்கம் எந்த நாளில் தொடங்குவது என்றே தெரியாமல் வீடு தவிக்கும். காணாமல்போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பம் துக்கத்துக்குக் குறித்த நாளில் போய் இருங்கள்.

பதின்மூன்றாம் மாதம் அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், மளிகைப் பையோடு போகவேண்டாம். விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.