கை கால் வர மாத்திரை கேட்பவர்களுக்கு

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லாரும் டாக்டரிடம் கேட்பது ஒன்றுதான்: "கை கால் சீக்கிரம் வர மாத்திரை ஏதாவது இருக்கா சார்?" தண்டையார்பேட்டையில் எங்கள் பெரியப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது பெரியம்மாவும் அதைத்தான் கேட்டார்.

அப்படி ஒரு மாத்திரை இருக்கிறதென்று கொஞ்ச காலம் டாக்டர்களே நம்பினார்கள். ஃப்ளூவாக்ஸெடின், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பழைய மருந்துதான். 2011இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஆய்வில், பிசியோவோடு இதையும் கொடுத்தவர்களுக்குக் கை கால் அசைவு கூடுதலாகத் திரும்பியது என்று வந்ததும் பெரிய நம்பிக்கை. அப்புறம் பிரிட்டனில் 3,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த மருந்து தினம் 20 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. நடப்பது, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, இதிலெல்லாம் வித்தியாசமே இல்லை. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, ஆனால் எலும்பு முறிவு கூடியது. 2020இல் சுவீடனில் நடந்ததும் கை கால் விஷயத்தில் இதையேதான் சொன்னது.

ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல், தள்ளாடி இறங்குகிற மனுஷனுக்கு இடுப்பெலும்பும் முறிந்தால் என்ன ஆகும்? அதனால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனச்சோர்வு உண்மையிலேயே வந்துவிட்டால் கதை வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பெரியப்பா அழவெல்லாம் இல்லை. தெருமுனை கேரம் போர்டு பக்கம் தலை திருப்பவில்லை, சோறு இறங்கவில்லை, பிசியோ வந்தால் "நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்பார். சொந்தக்காரர்கள் அதைத் திமிர் என்றார்கள் (நம் ஆட்களுக்கு நோய்க்குப் பெயர் வைக்க ஒரு நிமிஷம் போதும்). டாக்டர் பேசிப் பார்த்துதான் மாத்திரை எழுதினார். சில வாரம் கழித்துத்தான் கேட்டது. கையை அது அசைக்கவில்லை, பயிற்சிக்கு உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

வயதானவர்களுக்கு இந்த வகை மருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். திடீரென்று குழப்பமாகப் பேசினால் ரத்தம் எடுத்துப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் தேறியதும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

பிசியோவுக்குக் காசில்லை என்றால் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனசு விஷயத்துக்கு 14416க்குப் போன் பண்ணுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.