957 கிலோமீட்டர்

பெப்ரவரி 6
மறுபடி அளந்து பார்த்தேன். ஸ்வால்பாட் தீவுகளில் நாங்கள் இருக்கும் லோங்யியர்பியனில் இருந்து, பிரசவத்துக்குப் போக வேண்டிய வட நோர்வேயின் ட்ரொம்சோ 957 கிலோமீட்டர், விமான டிக்கெட்டில் 1 மணி 40 நிமிடம். "கண்ணயர முதல் இறங்கிவிடலாம்" என்கிறார் இவர். ஒஸ்லோ என்றால் 2,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்; அதை நினைத்து ஆறுதல் படச் சொல்கிறார். முடியவில்லை.

பெப்ரவரி 8
காற்று. காற்று மட்டும்தான்.

பெப்ரவரி 9
நேற்று மதிய விமானத்தின் சத்தம் மேலே கேட்டது, இறங்கவில்லை. ட்ரொம்சோவுக்கே திரும்பிவிட்டதாம். இங்கே இறங்க முடியாவிட்டால் அந்த அளவு விமானத்துக்குப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. திரும்பிப் போகவும் சேர்த்துத்தான் எரிபொருள் ஏற்றி வருகிறார்கள். நடுவில் முழுக்கக் கடல். பாதி வழியில் ப்யோர்ன்யா தீவு, அதில் வானிலை நிலையம் உண்டு, ஓடுபாதை இல்லை.
ட்ரொம்சோவில் இருந்து அம்மா போனில்: "இப்பவே வெளிக்கிட்டு வா பிள்ளை."

பெப்ரவரி 11
இங்குள்ள மருத்துவமனை சின்னது, பிரசவம் பார்ப்பதில்லை. பிரசவத் திகதிக்கு மூன்று கிழமைக்கு முன்பே நோர்வேயின் பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சரி, அதற்கு முதல் பனிக்குடம் உடைந்தால்?

இரவு முழுக்க இதே கணக்கு. இணையத்தில் தூரம் பார்த்தால், விமானம் என் வாசலில் காத்து நிற்பதுபோல 957 என்று காட்டுகிறது. அம்புலன்ஸ் விமானம் முதலில் ட்ரொம்சோவில் இருந்து வர வேண்டும். அப்புறம் என்னை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆக 1,914. ஜெட் வேகத்தில் பார்த்தாலே 3 மணி 20 நிமிடம், புரொப்பெல்லர் விமானம் என்றால் இன்னும் கூட. ஆட்கள் ஆயத்தமாகும் நேரம், என்னை ஏற்றும் நேரம் எல்லாம் தனி. வரும்போதும் காற்று வழிவிட வேண்டும், போகும்போதும் வழிவிட வேண்டும். ஒருவரும் இதைக் கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை சுமக்கும் ஒருத்திக்குச் சொல்ல வேண்டிய தூரம் இதுதான்.

பெப்ரவரி 12
நித்திரை கொண்டேன். சோறும் பருப்பும்.

பெப்ரவரி 15
பை அடுக்கினேன். கடவுச்சீட்டு முன் பக்கத்துப் பொக்கெட்டில். ஸ்வால்பாட் நோர்வேயுடையதுதான், ஆனால் எல்லையில் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் வலயத்துக்கு வெளியே; நோர்வேயின் பெருநிலத்துக்குப் போவதற்கே அதைக் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளைக்கும் ஒன்று வேண்டும். பெயரே முடிவாகவில்லை. இவர் அப்பப்பாவின் பெயரைச் சொல்கிறார். பெட்டைப்பிள்ளை என்றால்?

பெப்ரவரி 16
சூரியன் அடிவானத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் மலை மறைக்கிறது. மார்ச் 8 அன்றுதான் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் வெயில் விழும், ஊரே போய் நிற்கும். நான் நிற்க மாட்டேன். ட்ரொம்சோவில் ஜனவரியிலேயே வந்துவிட்டது. அம்மா யன்னலோரம் வெயிலில் கறிவேப்பிலைச் சாடியை வைத்துப் படம் அனுப்பியிருக்கிறா.

பெப்ரவரி 18
1,914.

பெப்ரவரி 19
டிக்கெட் 21ஆம் திகதிக்கு. இவருக்கு இன்னும் லீவு தரவில்லை. கோபம் வந்தது, கத்தினேன், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். வலி தொடங்கியபின் செய்தி அனுப்பினால் இவருக்கு அடுத்த விமானம் எப்போது? ஒரு நாளைக்கு மேல் ஆகலாம்.

பெப்ரவரி 20
காற்று குறையும் என்று போட்டிருக்கிறார்கள். குழந்தை நன்றாக உதைக்கிறது.

பெப்ரவரி 21, காலை
முதுகு வலிக்கிறது. படுத்த வாக்காக இருக்கும் என்கிறார் இவர். விமானம் ட்ரொம்சோவில் இருந்து கிளம்பிவிட்டதாகக் காட்டுகிறது. இவர் காரைச் சூடாக்கப் போய்விட்டார். டொக்டரின் கடிதத்தைக் காணவில்லை, கடவுச்சீட்டோடுதான் வைத்தேன்